பழைய இசைக்கருவிக்கு இணைய ஏலத்தில் விலை வைப்பது எப்படி?

மளிகைக் கடைக்காரருக்கும் பழைய கிட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நம் பிள்ளைகளில் சிலர் கடையையும் பார்த்துக்கொண்டு, கைப்பேசி வழியாகப் பழைய பொருள் வாங்கி விற்கிறார்கள். ஆர்மோனியம், வயலின், கிட்டார் எல்லாம் அதில் அடக்கம். புதுச் சரக்குக்கு விலை வைக்க நமக்குத் தெரியும். கொள்முதல், வண்டிக்கூலி, இறக்குக்கூலி, சேதாரம், அதற்கு மேல் இலாபம். பழைய இசைக்கருவிக்கு இந்தக் கணக்கு பாதிதான் உதவும். ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் ஒன்றில் கழுத்து வளைந்திருக்கும். இன்னொன்று நேற்று வாங்கியது போல் இருக்கும். ரகம் பிரித்து மூட்டை கட்ட முடியாது. ஒவ்வொன்றும் தனிச் சரக்கு. அதனால்தான் அது ஏலத்துக்குப் போகிறது.

ஏலம் நமக்குப் புதிதல்ல. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலமே இப்போது நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மையத்தில் கம்ப்யூட்டர் வழியாக நடக்கிறது. ஆனால் அங்கே வாங்க வருகிறவர்கள் எல்லோரும் வியாபாரிகள். சாம்பிளைக் கையில் வைத்துப் பார்க்கிறார்கள். இன்று எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பதும் கண்ணுக்குத் தெரியும். இணைய ஏலத்தில் இந்த மூன்றும் இல்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் விலை வைப்பதில் பாதி வேலை முடிந்தது.

விலையை நிர்ணயிப்பது இரண்டாவது ஆள்

இணைய ஏலத்தைப் பெரிய தொழிலாக்கியது அமெரிக்காவின் ஈபே. 1995-ல் பியர் ஒமிடியார் தொடங்கியது. முதலில் விற்ற பொருள் உடைந்துபோன ஒரு லேசர் சுட்டி, விலை 14.83 டாலர். உடைந்ததற்கும் எங்கோ ஓர் ஆள் உண்டு என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

அங்கே ஏலம் நடக்கும் முறை இதுதான். கேட்பவர் தாம் கொடுக்கத் தயாராக உள்ள உச்ச விலையைப் பதிவு செய்து வைக்கிறார். அது வெளியே தெரியாது. எதிராளி ஏற ஏற, கம்ப்யூட்டரே இவர் சார்பில் சிறுசிறு படியாக ஏற்றிக்கொண்டு போகும். ஒருவர் 500 டாலர் வரை போகலாம் என்று பதிகிறார். இன்னொருவர் 380 வரை பதிகிறார். முதலாமவருக்குப் பொருள் 385 டாலருக்கு முடியும். அந்த விலைக்கு ஒரு படி 5 டாலர். 500 கொடுக்கத் தயாராக இருந்தவர் 385தான் கொடுக்கிறார்.

ஆக, மிக அதிகம் ஆசைப்பட்டவர் விலையை நிர்ணயிப்பதில்லை. அவருக்கு அடுத்தவர்தான் நிர்ணயிக்கிறார். வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் இவ்வகை ஏலத்தை 1961-லேயே ஆராய்ந்து எழுதினார். 1996-ல் நோபல் பரிசு பெற்றார். விற்பவருக்கு இதில் உள்ள பாடம் ஒன்றே. இரண்டாவது ஆள் வரவில்லையென்றால் தொடக்க விலையே விற்ற விலை ஆகிவிடும்.

தாழ்த்தித் தொடங்கலாமா?

“கம்மியாகத் தொடங்கினால் கூட்டம் சேரும், விலை தானாக ஏறும்” என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. கில்லியன் கு, ஆடம் கலின்ஸ்கி, கீத் மர்னிகன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006-ல் இதுபற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தாழ்ந்த தொடக்க விலை ஆட்களை இழுக்கிறது. நுழைந்தவர் விட்டுப்போக மனமின்றி மேலும் கேட்கிறார். கூட்டத்தைப் பார்த்துப் புதியவர் வருகிறார். முடிவு விலை உயர்கிறது. ஆனால் தலைப்பில் பெயரைப் பிழையாக எழுதி, தேடுகிறவர் கண்ணில் படாமல் போன ஏலங்களில் இதே உத்தி விலையைக் குறைத்துவிட்டது. கூட்டம் வர வழி இருந்தால்தான் தாழ்ந்த விலை கூட்டத்தைக் கூட்டும்.

எனவே சரக்கை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

1. பலரும் தேடும் பெயர் பெற்ற கம்பெனிக் கருவி, நல்ல நிலையில் இருப்பது: தாழ்த்தித் தொடங்கலாம். கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும் எழுத்துப் பிழையின்றி இருக்க வேண்டும்.

2. ஓரளவு தேடப்படும் கருவி: நம் அடக்க விலையிலேயே தொடங்க வேண்டும். ரிசர்வ் விலை, அதாவது வெளியே சொல்லாத குறைந்தபட்ச விலை வைக்கும் வசதியும் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். எட்டாத ரிசர்வைக் கண்டு விலகிப்போகிறவர்களும் உண்டு.

3. அபூர்வமாக ஒருவர் மட்டும் தேடும் கருவி: ஏலமே வேண்டாம். நிலையான விலை போட்டுக் காத்திருப்பதே நல்லது. ஈபேயும் 2000-ல் ‘உடனே வாங்கு’ முறையைக் கொண்டுவந்தது. இன்று அங்கே நிலையான விலை விற்பனையே பெரும்பகுதி.

விலை விசாரிக்கும்போது, மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்த விலையைப் பாருங்கள். ஈபேயில் விற்றவற்றை மட்டும் தனியே பார்க்கலாம். 2013-ல் சிகாகோவில் தொடங்கிய ரிவெர்ப், இசைக்கருவிகளுக்கென்றே உள்ள சந்தை. அதிலும் விற்ற விலைகளை வைத்து ஒரு விலை வழிகாட்டி உண்டு.

அடக்க விலையில் ஏமாறும் இடம்

ஒரு கணக்கைப் பார்ப்போம். கருவி வாங்கிய விலை ரூ.6,000. தந்தி, பழுது ரூ.900. பெட்டி, பஞ்சு, அட்டை ரூ.600. ஆக ரூ.7,500. கூரியர் ரூ.1,500, அதை வாங்குபவர் தனியே தருகிறார். கமிஷன் நூற்றுக்கு 12 என்று வைத்துக்கொள்வோம்.

7,500-க்கு 12 சதவீதம் சேர்த்து ரூ.8,400-ல் தொடங்கினால் நட்டமில்லை என்று தோன்றும். ஆனால் ஈபே போன்ற தளங்களில் கமிஷன் கூரியர் கட்டணத்தையும் சேர்த்த மொத்தத் தொகைக்கு. 8,400-ம் 1,500-ம் சேர்ந்து 9,900. கமிஷன் 1,188. மீதி 8,712. கூரியருக்கு 1,500 போனால் கையில் நிற்பது 7,212. நட்டம் ரூ.288. கையைக் கடிக்காமலிருக்க ரூ.8,730-லாவது தொடங்க வேண்டும். கமிஷன் மீதான வரி தனி.

கூரியர் கட்டணத்திலும் ஒரு கண் வேண்டும். கிட்டார் இரண்டு, மூன்று கிலோதான் இருக்கும். ஆனால் கூரியர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, 5,000-ஆல் வகுத்து எடை போடுவது வழக்கம். 120, 50, 20 சென்டிமீட்டர் பெட்டிக்கு 24 கிலோ ஆகிறது! விலை போடும் முன்பே பெட்டியை அளந்து கட்டணம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குறையைச் சொன்னால் விலை கூடும்

கையில் எடுத்துப் பார்க்க முடியாத பொருளுக்கு, வாங்குபவர் சந்தேகத்தின் விலையைக் கழித்துக்கொண்டுதான் கேட்பார். வீணையின் குடத்தில் விரிசலா, ஆர்மோனியத் துருத்தியில் காற்றுக் கசிவா, எந்த ரீடு பேசவில்லை என்பதை முதலிலேயே எழுதிப் படமும் போட்டுவிட வேண்டும். மறைத்து விற்றால் பொருள் திரும்பி வரும். இரண்டு பக்கக் கூரியரும் நம் தலையில் விழும்.

1721-ல் ஸ்ட்ராடிவாரி செய்த ‘லேடி பிளன்ட்’ வயலின் 1971-ல் லண்டன் ஏலத்தில் 84,500 பவுண்டுக்குப் போனது. 2011 ஜூனில் டாரிசியோ என்ற இணைய ஏல நிறுவனம் வழியாக 98 இலட்சம் பவுண்டுக்கு விற்றது. விற்ற ஜப்பானிய அறக்கட்டளை அந்தப் பணத்தை அவ்வாண்டு சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்தது. அந்த வயலின் அதிகம் வாசிக்கப்படாமல் பாதுகாக்கப்பட்டது; யார் யாரிடம் இருந்தது என்ற வரலாறும் தெளிவாக இருந்தது. நம் சிறு சரக்குக்கும் பழைய ரசீது, பழுது பார்த்த சீட்டு இருந்தால் எறிந்துவிடக் கூடாது.

நாமே ஆள் வைத்து விலையை ஏற்றுவது ஏலத் தளங்களில் தடை செய்யப்பட்டது. கணக்கையே மூடிவிடுவார்கள். அதைவிட, ஏலம் முடியும் நேரத்தைச் சரியாக வைப்பதே மேல். பலர் கடைசி நிமிடத்தில்தான் கேட்பார்கள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஞாயிறு இரவு 8 மணி என்றால் இங்கே திங்கள் காலை 5.30, குளிர்காலத்தில் 6.30.

சட்டமும் வரியும்

ஈபே இந்தியா தளம் 2018-ல் மூடப்பட்டது. ஆனால் இங்கிருந்து வெளிநாட்டினருக்கு ஈபேயில் விற்க வழி இருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளை, 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டப்படி தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. தாத்தா காலத்து வீணை என்றால் முதலில் இதை விசாரியுங்கள். யானைத் தந்தப் பொருள்களை ஈபே 2009 முதல் அனுமதிப்பதில்லை. நம் நாட்டிலும் தந்த வியாபாரம் குற்றம். தந்தம் பதித்த பழைய கருவியைத் தொடவே வேண்டாம்.

ஜி.எஸ்.டி.யில் பழைய பொருள் வியாபாரிக்கு ஒரு சலுகை உண்டு. உள்ளீட்டு வரி எடுக்காமல், பொருளின் தன்மை மாறாமல் விற்றால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டுமே வரி. ரூ.8,000-க்கு வாங்கி ரூ.11,000-க்கு விற்றால் ரூ.3,000-க்கு வரி. கொள்முதல் சீட்டு இல்லாமல் இந்தச் சலுகையை நிரூபிக்க முடியாது. உங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும்போதும் நியாயம்

கடைசியாக ஒன்று. பழைய கருவி பெரும்பாலும் வாசித்தவர் மறைந்த வீட்டிலிருந்து வருகிறது. கொண்டுவருகிற அம்மாவுக்கு விலை தெரியாது, பண அவசரமும் இருக்கும். விற்று முடிந்த விலைகளை நாம் பார்த்து வைத்திருக்கிறோம், அவர் பார்த்ததில்லை. அந்த இடைவெளியில் சம்பாதிப்பது நம் தொழிலுக்கு அழகல்ல. விலைப் பட்டியலை அவருக்கும் காட்டி, “ரொக்கமாக இவ்வளவு தருகிறேன், பொறுத்தால் உங்களுக்காக விற்றுக் கமிஷன் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்” என்று இரண்டு வழியும் சொல்லுங்கள். எது வேண்டுமென்று அவரே முடிவு செய்யட்டும். அந்தத் தெருவில் அடுத்த கருவி விற்பனைக்கு வரும்போது உங்கள் கடைக்குத்தான் வரும்.