விசில் எண்ணிச் சமைக்கிறவர்களுக்கு

சமையல் பழகத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, “பருப்புக்கு எத்தனை விசில்?” அம்மா மூன்று என்பார், அத்தை ஐந்து என்பார், பக்கத்து வீட்டில் ஏழு. விசேஷம் என்னவென்றால், மூன்று வீட்டிலும் பருப்பு வெந்துதான் இருக்கும். சின்னக் குக்கர் சீக்கிரம் கூவும், பெரியது நிதானமாகக் கூவும். அடுப்பைப் பெரிதாக வைத்தால் விசில்கள் அடுத்தடுத்து வரும், சிறிதாக வைத்தால் வராமலே போகும். இப்படி ஆளுக்கு ஆள் மாறுகிற ஒன்றை வைத்து நேரத்தை அளக்க முடியாது.

உள்ளே நடப்பதைப் பார்ப்போம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. கூடுதல் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். மூடியை இறுக்கி ஆவியை உள்ளேயே அடைத்தால் அது தண்ணீரை அழுத்தும், அழுத்தம் கூடக் கூடக் கொதிக்கும் சூடும் மேலே போகும். நம் வீட்டுக் குக்கர்கள் பெரும்பாலும் வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ கூடுதல் அழுத்தத்தில் வேலை செய்கின்றன. அந்த அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். பத்து டிகிரி ஏறினால் வேகும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்று உத்தேசமாக ஒரு கணக்கு உண்டு. இருபது டிகிரிக்கு நான்கு மடங்கு. திறந்த பானையில் முக்கால் மணி நேரம் இழுக்கிற துவரம்பருப்பு குக்கரில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மலர்ந்துவிடுவது இதனால்தான்.

அழுத்தத்தை அந்த இடத்தில் பிடித்து நிறுத்துவது தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கும் வெயிட். கையில் எடுத்துப் பார்த்தால் சாதாரண உலோகக் கட்டிதான், ஆனால் அதன் எடை கணக்குப் போட்டு வைத்தது. ஆவி வரும் துளையின் விட்டம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரில் நூற்றில் ஏழு பங்கு. சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ தள்ளுகிற ஆவி அந்தச் சின்னத் துளையில் 70 கிராம் அளவுக்குத்தான் தள்ளும். ஆக 70 கிராம் கட்டி போதும், அழுத்தம் அந்த அளவைத் தொடும்வரை துளையை மூடி வைத்திருக்கும். தொட்டதும் கட்டி எழும்பும், ஆவி சீறும், அழுத்தம் கொஞ்சம் இறங்கும், கட்டி மறுபடி உட்காரும். நாம் விசில் என்று எண்ணுவது இந்த எழும்பி உட்காரலைத்தான்.

இதே கணக்கை மூடிக்கும் போட்டுப் பாருங்கள், கொஞ்சம் பயமாகவே இருக்கும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் அந்த மூடியை உள்ளேயிருந்து 314 கிலோ விசை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. பிரஷர் அடங்குமுன் மூடியோடு மல்லுக்கட்டக் கூடாது என்று பெரியவர்கள் அதட்டுவது சும்மா இல்லை. வெயிட்டைக் கரண்டியால் தூக்கி அவசரமாக ஆவியை விடுவதும் நல்லதல்ல. அழுத்தம் சட்டென்று விழுந்தால், 120 டிகிரியில் இருந்த தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் கொந்தளிக்கும்; சாம்பார்ப் பருப்பு அடுப்பங்கரைக் கூரையில் கோலம் போடும்.

ஆக, முழு அழுத்தம் வந்துவிட்டது என்று முதல் விசில் சொல்லிவிடுகிறது. அதற்கு மேல் அடுப்பைப் பெரிதாக வைத்து எரிப்பதால் உள்ளே சூடு ஏறப்போவதில்லை. கேஸும் தண்ணீரும்தான் வீண். அடுப்பை சிம்மில் வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். வெயிட் லேசாக அசைந்து ‘உஸ்’ என்று மெல்லிய சத்தம் வந்துகொண்டிருந்தால் உள்ளே 120 டிகிரி இருக்கிறது. வெயிட்டைத் தனியாக எடுத்துப் போடுகிற குக்கராக இருந்தால், துளையிலிருந்து ஆவி ஒரே சீராக வந்த பிறகே அதைப் போட வேண்டும். உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டும். காற்று கலந்திருந்தால் அதே அழுத்தத்திலும் சூடு குறைவாகத்தான் இருக்கும்.

மலை ஊர்க்காரர்களுக்குக் குக்கரின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை எட்டுமுன்பே கொதித்துவிடும். திறந்த பானையில் கொண்டைக்கடலை போட்டவர் பாடு திண்டாட்டம்தான். குக்கர் அங்கேயும் 115 டிகிரியைத் தாண்டிப் போகும்.

இந்தப் பாத்திரத்தை முதலில் செய்தவர் பருப்பு, அரிசி எதையும் நினைக்கவில்லை. பிரான்சில் பிறந்து லண்டனில் ராபர்ட் பாயிலோடு வேலை செய்த தெனி பாப்பான், 1679இல் எலும்பை மெதுவாக்குவதற்கென்று ஒரு பாத்திரம் செய்தார். ஏழைகளுக்கு எலும்பிலிருந்து மலிவாகச் சத்து எடுத்துக் கொடுக்கலாம் என்பது அவர் எண்ணம். வெடித்துவிடாமல் இருக்க மூடியில் ஒரு துளை, அதை மூட எடை தொங்கும் நெம்புகோல். இன்றைய வெயிட்டுக்கு அதுதான் பாட்டன். 1682இல் ராயல் சொசைட்டி அறிஞர்களுக்கு அதில் சமைத்து ஒரு விருந்தே போட்டார். பிறகு 1690இல், ஆவியால் உந்துதண்டை நகர்த்தும் எந்திரத்துக்கும் யோசனை சொன்னார். நம் நாட்டில் 1910இல் கல்கத்தாவின் இந்துமாதப் மல்லிக் அடுக்குப் பாத்திரங்களில் ஆவியால் சமைக்கும் இக்மிக் குக்கரைக் கொண்டுவந்தார். அழுத்தம் கிடையாது, கரியடுப்புச் சூட்டில் மெதுவாக வேகும். உண்மையான பிரஷர் குக்கர் பரவியது 1959க்குப் பிறகு. அந்த ஆண்டு மும்பையில் ஹாக்கின்ஸ் நிறுவனம் தொடங்கியது. அதே காலத்தில் டி.டி.கே. குழுமமும் இங்கிலாந்தின் பிரெஸ்டீஜோடு கைகோத்துக் குக்கர் செய்ய இறங்கியது. எலும்புக்குச் செய்த பாத்திரம் சைவச் சமையலறையின் தலைமைப் பாத்திரமானது இப்படித்தான்.

இனிப் பருப்புக்கு வருவோம். “என்ன வேகவைத்தும் நறுக்குநறுக்கென்று நிற்கிறது” என்ற புலம்பலில் குக்கருக்குப் பங்கு குறைவு. பருப்பின் செல்களை ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்னும் பசை. சூட்டில் அது கரைந்தால்தான் பருப்பு குழையும். போர்வெல் தண்ணீர் கடினநீராக இருந்தால் அதிலிருக்கும் கால்சியம் பெக்டினை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். புளியும் தக்காளியும் வேறு விதத்தில் அதே கெடுதலைச் செய்யும். அமிலம் இருக்கும் இடத்தில் பெக்டின் எளிதில் கரையாது. பருப்பு வெந்த பிறகு புளி விடுகிற வழக்கத்தில் வேதியியல் இருக்கிறது. உப்பின் மேல் சொல்லும் பழிதான் அநியாயம். கடலையையோ காராமணியையோ இரவு ஊறவைக்கும் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டால் தோல் இன்னும் நன்றாகவே மெத்தென்றாகும். சோடா உப்புப் போட்டாலும் சீக்கிரம் வேகும், ஆனால் அது தயமின் என்கிற பி1 வைட்டமினை அழித்துவிடும். வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த பழைய பருப்புக்கு மட்டும் வைத்தியமே கிடையாது. கடையை மாற்ற வேண்டியதுதான்.

ராஜ்மாவுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அரைவேக்காட்டுச் சிவப்பு ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் வாந்தி, வயிற்றுப்போக்கு வரை இழுத்துவிடும். மிதமான சூட்டில் மணிக்கணக்காக வைத்தாலும் அது போகாது, நன்றாகக் கொதித்தால்தான் அழியும். இரவெல்லாம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் வேகவைத்தால் பயமில்லை.

“குக்கரில் வைத்தால் சத்தெல்லாம் போய்விடும்” என்பாரும் உண்டு. பி வைட்டமின்கள் பெரும்பாலும் தண்ணீரில் கரைந்துதான் வெளியே போகின்றன. குக்கரில் தண்ணீரைக் கொட்டுவதில்லை, ரசத்திலோ சாம்பாரிலோ சேர்ந்துவிடும். கஞ்சி வடித்த சோற்றில்தான் இந்த நஷ்டம் அதிகம், அந்தக் கஞ்சியைக் குடித்தால் அதுவும் இல்லை.

ஒரு நாள் சாப்பாட்டுக்கு இது போதும்: அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர், அதன்மேல் துவரம்பருப்பும் மஞ்சள்தூளும் இரண்டு சொட்டு நல்லெண்ணெயும் உள்ள அடுக்கு, அதற்கு மேல் அரிசி, உச்சியில் நறுக்கிய பூசணிக்காயோ கேரட்டோ. எண்ணெய் விடுவது நுரையை அடக்க. பருப்பின் நுரை பொங்கித் துளையை அடைத்துக்கொண்டால் வெயிட் எழும்ப முடியாது. பருப்பை நேரே குக்கரில் போடுகிறவர்கள் தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் நிரப்பாமலிருப்பதும் அதற்காகத்தான். துளையை வாரம் ஒரு முறையாவது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், மறுபக்கம் தெரிய வேண்டும். துளை அடைத்தால் காப்பாற்ற சேஃப்டி வால்வு இருக்கிறது. பல குக்கர்களில் அதன் நடுவே குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவை வைத்திருப்பார்கள். தண்ணீர் வற்றி உள்ளே சூடு எகிறினால் அது உருகி ஆவிக்கு வழி விடும். உருகிப் போனால் அதே கம்பெனி வால்வையே வாங்கிப் போடுங்கள். தெருமுனையில் கிடைக்கும் மலிவுச் சாமான் எந்தச் சூட்டில் உருகும் என்று யாருக்கும் தெரியாது.

கீரையை மட்டும் குக்கரில் போடாதீர்கள். வேகும்போது கீரையிலிருந்து வெளிப்படும் அமிலங்கள் மூடிக்குள் சிக்கிப் பச்சையத்தைத் தாக்கும், பச்சை நிறம் பழுப்பாகிவிடும். திறந்த சட்டியில் அந்த அமிலத்தில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும். பிரஷர் அடங்க எப்படியும் பத்து நிமிடம் ஆகும், அதற்குள் பக்கத்து அடுப்பில் கீரை வெந்துவிடும்.