எண்ணெய் குடிக்கும் எஞ்சின்

எஞ்சின் எண்ணெயை எரித்தால் கோளாறு என்போம். 1980களின் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் ரோட்டரி எஞ்சினோ எண்ணெயை எரித்துத்தான் பிழைக்கிறது. முக்கோண ரோட்டரின் 3 முனைகளிலும் உள்ள சீல்கள் உறையின் சுவரை உரசிக்கொண்டே சுழல்கின்றன. அவை தேயாமலிருக்க ஒரு சிறிய பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் அனுப்பும். அது போகும் வழி? மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள்! எஞ்சின் சூட்டில் வருடக்கணக்கில் வெந்து, தொட்டாலே அப்பளமாக நொறுங்கும். வெளியே கசிவதைவிட உள்ளே எண்ணெய் போகாததுதான் ஆபத்து. சீல் தேய்ந்தால் அழுத்தம் போச்சு.

அந்தக் குழாய்களை மாற்றும்போது உலோகப் பின்னல் போர்த்திய டெஃப்லான் குழாய் நல்லது. வாஷர்களும் புதிதாக வேண்டும். புதுக் குழாயில் காற்றுதான் இருக்கும். எண்ணெய் நிரம்பும்வரை, பழைய ஸ்கூட்டருக்குச் செய்ததுபோல, பெட்ரோலிலேயே டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஓட்டுவார்கள்.