தொட்டால் உதிரும் கோயில்கள்

மால்டாவின் தென்கரையில் கடலைப் பார்த்து நிற்கும் ஹஜர் ஈம் கோயிலின் பெருங்கல் ஒன்றின் எடை சுமார் 20 டன். அதை நம்பி யாரும் கல்லில் கைவைக்க வேண்டாம். கிட்டப்போய்ப் பாருங்கள்: முகப்பெல்லாம் தேன்கூடு போலக் குழிகள், இடையிடையே ஏடு ஏடாகப் பெயர்ந்து நிற்கும் மேல்தோல். விரல் பட்டால் மஞ்சள் தூள் ஒட்டும்.

அது குளோபிஜெரினா என்னும் மெத்தென்ற சுண்ணாம்புக்கல். கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு அதன் நுண்துளைகளில் இறங்குகிறது. ஈரம் காயும்போது உப்பு படிகமாகிக் கல்லை உள்ளிருந்தே பிளக்கிறது. எகிப்தியப் பிரமிடுகளுக்கும் முந்தைய மால்டாக் கோயில்களின் பெரும்பகுதியை நெடுங்காலம் மண்தான் காத்தது. 1839இல் ஹஜர் ஈம் தோண்டப்பட்டபின் வெயிலும் மழையும் நேராக விழுந்தன. டார்ஷீன் கோயிலில் பின்னாளில் பழுதுபார்க்கப் பூசிய சிமெண்ட், நல்லெண்ணத்தில் செய்ததுதான், கல்லுக்குக் கூடுதல் உப்பையே தந்தது. ஹஜர் ஈமுக்குப் பக்கத்திலுள்ள இம்நாய்த்ரா கோயிலில் 1994இல் கனமழைக்குப்பின் சுவரின் ஒரு பகுதி சரிந்தது. அங்கேயே 2001 ஏப்ரலில் ஓர் இரவில் விஷமிகள் சுமார் 60 கற்களைச் சேதப்படுத்தினார்கள். 2009இல் ஹஜர் ஈம், இம்நாய்த்ரா இரண்டுக்கும் கூடாரம் போட்டார்கள். அது மழையைத் தடுக்கும். உப்புக்காற்றையும், படத்துக்காகச் சாய்ந்து நிற்பவரின் முதுகுப்பையையும் தடுக்காது.

தொடாமலும் கேடு செய்யலாம். பாறைக்கு அடியில் குடைந்த ஹல் சஃப்லியெனி நிலவறையின் கூரையில் செங்காவிச் சுருள்கள் தீட்டியிருக்கிறார்கள். பார்வையாளர்களின் மூச்சும் உடற்சூடும் உள்ளே இருந்த ஈரப்பதத்தைக் குலைத்தன. விளக்கொளியில் பாசி வளர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் மூடியவர்கள் 2000 வரை திறக்கவில்லை. திறந்தபோது ஒரு நாளைக்குச் சுமார் 80 பேருக்கு மட்டுமே அனுமதி என்றார்கள். அந்த வரம்பு சரியானது. நிலவறை தாங்குவது அவ்வளவுதான்.

ஆகவே நிலவறைக்கான டிக்கெட்டைப் பல வாரங்கள் முன்பே எடுத்துவிடுங்கள்; வாசலில் போய் மன்றாடுவதில் பயனில்லை. கோயில்களில் போட்டிருக்கும் நடைபாதையைவிட்டு இறங்காதீர்கள், குழந்தையின் கையை விடாதீர்கள். நிலவறைக்கு இடம் கிடைக்காவிட்டால் வலேட்டா தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். நிலவறையில் கிடைத்த, உள்ளங்கையில் அடங்கும் ‘உறங்கும் பெண்’ சிற்பமும், டார்ஷீனின் அசல் புடைப்புச் சிற்பங்களும் அங்குதான் இருக்கின்றன. கோயிலில் இப்போது நிற்பவை நகல்கள்.