தலைக்கவசத்தைக் கவிழ்த்துப் பார்!

குழந்தைகளே, உங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கும் பழைய எவர்சில்வர் தூக்கு ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் கம்பெனி முத்திரை இருக்கும். பக்கத்தில், புள்ளி புள்ளியாக, உங்கள் பாட்டியின் பெயரும் வெட்டியிருக்கலாம். அலமாரியில் அடுக்கி வைத்தால் எல்லாத் தூக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். கவிழ்த்தால்தான் அதன் ஜாதகம் தெரியும்.

போர் வீரர்கள் அணிந்த பழைய எஃகுத் தலைக்கவசங்களும் அப்படித்தான். அருங்காட்சியகங்களில் அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிமிர்த்தி வைத்திருப்பார்கள். என்னைக் கேட்டால் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். சொல்ல வேண்டிய கதையெல்லாம் உட்புறத்தில் அல்லவா இருக்கிறது!

1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது வீரர்கள் துணித் தொப்பியும் தோல் தொப்பியும்தான் அணிந்திருந்தார்கள். பதுங்கு குழிக்குள் இருந்தாலும், மேலே வெடிக்கும் பீரங்கிக் குண்டின் சிதறல்கள் தலையில் வந்து விழுந்தன. தொப்பிக்குள் சாப்பாட்டுக் கிண்ணத்தை வைத்திருந்ததால் பிழைத்த ஒரு வீரரைப் பார்த்துத்தான், பிரெஞ்சு அதிகாரி அட்ரியானுக்கு எஃகுத் தொப்பி யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். எப்படியோ, 1915-இல் பிரான்சும் பிரிட்டனும், 1916-இல் ஜெர்மனியும் தங்கள் வீரர்களுக்கு எஃகுத் தலைக்கவசம் கொடுத்தன.

லட்சக்கணக்கில் கவசம் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். யார் செய்வது? எஃகுத் தகட்டை அழுத்திக் குழிவாக்கத் தெரிந்தவர்கள் யார்? பாத்திரம் செய்கிறவர்கள்தானே!

ஜெர்மன் கவசம் ஒன்றைக் கவிழ்ப்போம். உட்புறம், இடது காதுப் பக்கத்தில் 'இ.டி. 64' என்று அழுத்தியிருக்கிறது. எழுத்து தொழிற்சாலையைக் குறிக்கும். 'இ.டி.' என்றால் ஹார்ட்ஸ் மலைப் பகுதியில் தாலே என்ற ஊரில் இருந்த இரும்பு ஆலை. எனாமல் பூசிய சமையல் பாத்திரங்களுக்குப் பெயர் போன ஆலை அது. 'எஸ்.இ.' என்று இருந்தால் சாக்சனி மாநிலத்து ஆலை. அதன் பெயரிலேயே எனாமல் வேலை என்பது சேர்ந்திருக்கும். 'க்யூ' என்றால் எஸ்லிங்கன் நகரத்துக் குவிஸ்ட் கம்பெனி.

சரி, அந்த 64? 'வீரரின் தலைச் சுற்றளவு 64 சென்டிமீட்டர்' என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அது எஃகு ஓட்டின் அளவு. உள்ளே தோல் பட்டை பொருத்த இடம் வேண்டுமே! இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 64 என்ற ஓடு 56 அல்லது 57 சென்டிமீட்டர் தலைக்குத்தான் சரியாக இருக்கும். ஒரு நாடாவை எடுத்து உங்கள் அப்பாவின் தலையை அளந்து பாருங்கள்.

அந்தப் போரின் பிற்பாதியில் 'இ.டி.' மறைந்து 'சி.கே.எல்.' என்ற எழுத்துகள் வந்தன. ஆலை மாறவில்லை. எந்தப் பொருள் எங்கே தயாராகிறது என்று எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக வைத்த ரகசியக் குறி அது.

இப்போது பிரிட்டிஷ் கவசம். கவிழ்த்த தட்டு மாதிரி அகலமாக இருக்கும். விளிம்பின் அடிப்புறத்தில் செய்தவர் குறியும் ஆண்டும் இருக்கும். 'பி.எம்.பி.' என்றால் பிரிக்ஸ் மோட்டார் பாடீஸ், அதாவது கார்களுக்கு உடற்பகுதி செய்த கம்பெனி. 'எச்.பி.எச்.' என்றால் ஷெஃபீல்டு நகரத்தில் கத்தி, முள்கரண்டி செய்தவர்கள். கவசத்துக்குள் இருக்கும் மெத்தைப் பட்டையிலும் தனியாக ஒரு குறி உண்டு. சிலவற்றில் 'டி.டி.சி.' என்று காணலாம். அது என்ன தெரியுமா? டெடி டாய் கம்பெனி! பொம்மைக் கம்பெனிதான். போர் வந்ததும், பொம்மை தைத்த கைகள் வீரர்களின் தலைக்கு மெத்தை தைத்தன.

எழுத்து மட்டுமல்ல, துளையும் பேசும். சில பிரிட்டிஷ் கவசங்களின் விளிம்பில் இரண்டு, மூன்று, நான்கு என்று சிறு துளைகள் போட்டிருப்பார்கள். ஆணி அடித்த ஓட்டை என்று நினைத்துவிடாதீர்கள். 'இந்த எஃகு போர்முனைக்குத் தேவையான தரத்தில் இல்லை' என்பதற்கு அடையாளம் அது. 1940-இல் லண்டன் மீது விமானங்கள் குண்டு வீசியபோது, தீயை அணைக்கவும் இடிபாடுகளில் சிக்கியவர்களை மீட்கவும் ஓடிய பொதுமக்களுக்கு இப்படிப்பட்ட கவசங்களைத்தான் கொடுத்தார்கள். தெறித்து வரும் கல்லையும் செங்கல்லையும் அது தாங்கும். பீரங்கிச் சிதறலுக்கு அதை நம்ப முடியாது. துளை இல்லாமல் போயிருந்தால் தவறிப்போய் ஒரு வீரரின் தலைக்குப் போயிருக்கும். ஆனாலும், அந்தத் துளைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, அதையே மாட்டிக்கொண்டு நெருப்புக்குள் போனவர்களை நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது.

அமெரிக்கக் கவசத்தில் கம்பெனிப் பெயரே இருக்காது. உள்ளே, நெற்றிப் பக்கத்து விளிம்பில், ஓர் எண்ணும் எழுத்தும் மட்டும் இருக்கும். இதைப் புரிந்துகொள்ள இட்லிச் சட்டிக்கு வாருங்கள். அம்மா நாலு ஈடு இட்லி எடுக்கிறார். ஓர் இட்லி கல் மாதிரி இருக்கிறது. அது எந்த ஈடு என்று தெரிந்தால், அந்த ஈட்டை மட்டும் ஒதுக்கிவிடலாம் அல்லவா? எஃகையும் உலையில் ஈடு ஈடாகத்தான் உருக்குவார்கள். கவசத்தில் உள்ள எண் அந்த ஈட்டின் எண். கவசங்களில் ஒன்றிரண்டை எடுத்துத் துப்பாக்கியால் சுட்டுச் சோதிப்பார்கள். ஒன்று துளைபட்டால் அதோடு பிறந்த மற்றவற்றையும் தேடிப் பிடிக்க அந்த எண் உதவும்.

அந்தக் கவசங்களில் பெரும்பாலானவற்றைச் செய்தது டெட்ராய்ட் நகரத்து மெக்கார்டு கம்பெனி. காருக்கு ரேடியேட்டர் செய்தவர்கள். போர் முடிவதற்குள் 2 கோடிக்கும் மேல் செய்து தள்ளினார்கள். செயின்ட் லூயிஸ் நகரத்து ஷ்லூட்டர் கம்பெனியும் செய்தது. அவர்கள் எண்ணோடு 'எஸ்' என்ற எழுத்தையும் சேர்த்தார்கள். அந்த ஓர் எழுத்துதான் வித்தியாசம். இதில் ஒரு வேடிக்கை. இந்தக் கவசத்தின் எஃகு ஓடு தனியாகக் கழன்று வரும். வீரர்கள் அதில் தண்ணீர் பிடித்து முகம் கழுவினார்கள், சவரம் செய்தார்கள். அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் எஃகு கெட்டுவிடும் என்று தெரிந்தும், சிலர் சமைக்கவும் செய்தார்கள்!

பழைய கவசங்களுக்கு இப்போது நல்ல விலை இருப்பதால் போலிகளும் வந்துவிட்டன. கண்டுபிடிப்பது எப்படி? ஆலையில் முதலில் எழுத்தை அழுத்திவிட்டு, அதன் பிறகுதான் வர்ணம் பூசினார்கள். ஆகவே எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் பழைய வர்ணம் இருக்க வேண்டும். சுற்றிலும் பழைய வர்ணம், எழுத்து மட்டும் பளபள என்று வெற்று எஃகாக இருந்தால் யாரோ பிற்பாடு அடித்தது என்று சந்தேகப்படலாம்.

இப்போது உங்களுக்கு ஒரு புதிர். ஒரு பிரிட்டிஷ் கவசம். ஓட்டில் 'பி.எம்.பி. 1939' என்று இருக்கிறது. உள்ளே மெத்தைப் பட்டையில் 'டி.டி.சி. 1941'. ஆண்டு இடிக்கிறதே, இது போலியா?

கொஞ்சம் யோசியுங்கள். எஃகு இரண்டு வருடத்தில் தேயாது. வியர்வையும் மழையும் பட்டால் மெத்தை கிழியும். அதை ஓட்டின் உச்சியில் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகாணி. கழற்றி, புதியதைப் பொருத்தி, மறுபடி தலையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்!