குன்னத்து உருண்டைக் கற்கள் முட்டைகளா?

கிணறு வெட்டும்போதோ, ஏரியில் வண்டல் அள்ளும்போதோ உருண்டையான கல் ஒன்று வெளிப்பட்டால், பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து விவசாயிகள் அதை முன்போல வரப்பில் உருட்டிவிட்டுப் போவதில்லை. "இது டைனோசர் முட்டையாக இருக்குமோ?" என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. கேள்வி நல்லதுதான். பதில் தெரிவதற்குள் பக்கத்து ஊர் முழுவதும் செய்தி பரவிவிடுவதுதான் தொல்லை.

2020 அக்டோபரில் குன்னத்தில் அப்படித்தான் நடந்தது. குளத்தில் மண் எடுத்த இடத்தில் சிறிதும் பெரிதுமாக உருண்டைக் கற்கள் தென்பட்டன. டைனோசர் முட்டைகள் கிடைத்துவிட்டன என்று பேச்சு கிளம்பி, பார்க்கக் கூட்டம் கூடியது. 2009-ல் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைகளைக் கண்டதாக அறிவித்திருந்தார்கள். அந்த நினைவும் இதில் சேர்ந்திருக்கலாம். நிலவியல் அறிந்தவர்கள் வந்து பார்த்து, இவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்ற கடல் உயிரினத்தைச் சுற்றிப் படிந்து இறுகிய படிவங்கள் என்று கூறினார்கள்.

கடல் உயிரினம் குன்னத்துக்கு எப்படி வந்தது? அது வரவில்லை, கடல்தான் இங்கே இருந்தது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் வங்கக் கடல் இந்தப் பகுதியை மூடியிருந்தது. அதன் அடியில் சேறும் சிப்பியும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகப் படிந்தன. அரியலூரைச் சுற்றி இத்தனை சிமெண்ட் ஆலைகள் இருப்பதும், 1939-லேயே டால்மியாபுரத்தில் சிமெண்ட் உற்பத்தி தொடங்கியதும் அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கல்லால்தான். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் கிடக்கும் கல் மரமும் அக்காலத்து மரமே. ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டுக் கடற்சேற்றில் புதைந்து கல்லாயிற்று.

அம்மோனைட் என்பது நத்தை போலச் சுருண்ட ஓடு உடையது. ஆனால் உறவு முறையில் அது நத்தையைவிடக் கணவாய்க்கு நெருக்கம். நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமக் கல்லில் சக்கரம் போன்ற சுழி இருக்குமே, அதுவும் அம்மோனைட்டின் பதிவுதான். பூஜையறையில் சாளக்கிராமம் வைத்திருப்பவர்கள் எடுத்துப் பார்க்கலாம். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த காலத்திலேயே அம்மோனைட்டுகளும் அழிந்தன.

அப்படியானால் கல் ஏன் உருண்டையாக இருக்கிறது? இறந்த உயிர் சேற்றில் புதைந்து அழுகும்போது, அதைச் சுற்றியுள்ள நீரின் தன்மை மாறுகிறது. நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு அந்த இடத்தில் பிரிந்து, சேற்று மணிகளைச் சிமெண்ட் போலப் பிணைக்கிறது. நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே சீராக வளர்வதால் உருண்டை வடிவம் வருகிறது. பின்னர் மழையில் சுற்றியுள்ள மென்களிமண் கரைந்து போக, கெட்டியான உருண்டை மட்டும் மிஞ்சுகிறது. நம் வயலில் உழும்போது வரும் சுக்கான் கல்லும் ஏறக்குறைய இப்படித்தான், மண்ணில் ஊறிய சுண்ணாம்பு நீர் காய்ந்து உருவாகிறது.

(சுண்ணாம்பு என்றதும் ஒரு வார்த்தை. இந்தச் சுண்ணாம்பு மண்ணில் நிலக்கடலை, சோளம் போன்ற பயிர்களின் இளம் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருக்கும். வேரால் எடுக்க முடியாது. அதற்கு மேலும் யூரியா போடுவது வீண். நூறு லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை அன்னபேதி கரைத்து மாலை வேளையில் இலை மீது தெளிப்பது பலன் தரும்.)

இனி, முட்டையா கல்லா என்று எப்படிப் பிரித்தறிவது? எலுமிச்சைச் சாறு விட்டு நுரை வந்தால் முட்டை என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். சுண்ணாம்பு எதில் இருந்தாலும் நுரைக்கும். முட்டை ஓடும் நுரைக்கும், சுக்கான் கல்லும் நுரைக்கும். பார்க்க வேண்டியது ஓட்டை. உண்மையான டைனோசர் முட்டையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்தில் ஓடு தனியாகத் தெரியும். உள்ளே நிறைந்த மண் வேறு, ஓடு வேறு. ஓட்டின் மேல் நுண்ணிய புள்ளிகளும் துளைகளும் இருக்கும். ஏற்கெனவே உடைந்து கிடக்கும் கல்லைப் பாருங்கள். மேலிருந்து நடுவரை ஒரே மண்கல்லாகவோ, வெங்காயம் போல அடுக்கடுக்காகவோ, நடுவில் சுருண்ட ஓட்டுடனோ இருந்தால் அது முட்டையல்ல.

அளவும் சாட்சி சொல்லும். ஒரே கூட்டில் இட்ட முட்டைகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். எலுமிச்சையும் பூசணியுமாகக் கலந்து கிடக்காது. உருண்டை முட்டை மிகப் பெரிதாகவும் முடியாது. முட்டை பெரிதாகப் பெரிதாக ஓடு கனக்க வேண்டும். ஓடு கனத்தால் உள்ளே காற்றுப் புகாது, குஞ்சும் உடைத்து வெளிவராது. மத்தியப் பிரதேசத்துத் தார் மாவட்டத்தில் 256 முட்டைகளைக் கண்டதாக ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்டார்கள். யானையைவிடப் பன்மடங்கு பெரிய விலங்குகளின் முட்டைகள் அவை. ஆனாலும் குறுக்களவு ஏறக்குறைய 15 முதல் 17 சென்டிமீட்டர்தான். மேலும் டைனோசர் தரையில் முட்டையிட்ட விலங்கு. அம்மோனைட்டும் சிப்பியும் நிறைந்த கடலடி மண்ணில் முட்டைக் கூடு எதிர்பார்ப்பது, நடு ஏரியில் கோழி அடை வைத்திருக்கிறதா என்று தேடுவது போல.

அதே தார் மாவட்டத்தில் பட்லியா என்ற ஊரில் கதை தலைகீழாக நடந்தது. அங்குள்ள விவசாயிகள் உருண்டைக் கற்களைக் காகர் பைரவர் என்று, வயலையும் மாட்டையும் காக்கும் தெய்வமாகத் தலைமுறைகளாக வணங்கி வந்தார்கள். லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனத்தார் பார்த்தபோது அவை டைனோசர் முட்டைகள் என்று தெரிந்தது. 2023 டிசம்பரில் செய்தி வெளியாயிற்று. அங்கே கல் என்று நினைத்தது முட்டை. குன்னத்தில் முட்டை என்று நினைத்தது கல்.

முட்டை இல்லை என்பதால் குன்னத்துக் கல் மதிப்பற்றது ஆகிவிடாது. எந்த அடுக்கில் எந்த அம்மோனைட் இருக்கிறதோ, அதை வைத்தே அந்த அடுக்கின் வயதை நிலவியலார் கணிக்கிறார்கள். ஆகவே உள்ளே தங்கம் இருக்கிறதா என்று சம்மட்டியால் உடைப்பதும், சாலையோரம் வருகிறவருக்கு அற்ப விலைக்குக் கொடுப்பதும் நட்டமே.

டைனோசர் இந்த வட்டாரத்தில் இல்லவே இல்லை என்றும் எண்ண வேண்டாம். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு 1987-ல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியலார் 'பிருகத்காயோசாரஸ்', அதாவது பெரும் உடல் கொண்டது, என்று பெயரிட்டார்கள். அதன் முழங்கால் கீழ் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். உலகிலேயே மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம். ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. ஈரத்தில் உப்பி, வெயிலில் வெடிக்கும் களிமண்ணிலிருந்து எடுத்தபோதே உதிரத் தொடங்கிவிட்டன. மிச்சம் இருப்பது படங்களும் எழுத்தும்தான்.

எனவே வயலில் எலும்பு போலவோ, ஒரே அளவில் கூட்டமாக உருண்டைகளோ தென்பட்டால் பிடுங்கிப் பார்க்க வேண்டாம். அந்த மண்ணோடு அப்படியே விட்டு, மழையும் வெயிலும் படாமல் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். எவ்வளவு ஆழத்தில், எந்த நிற மண்ணில் இருந்தது என்று குறித்து, பக்கத்தில் ஒரு மண்வெட்டியை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அளவு தெரியும். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் அரியலூரை அடுத்த வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போனால், இந்த மண்ணில் கிடைத்த அம்மோனைட்டுகளை நேரிலேயே காணலாம்.