ஓகன் வாங்கப் போகிறீர்களா, சகோதரிகளே?

"அம்மா, கோயில் ஓகனில் என் விரல் வேறு கட்டையில் விழுகிறது" என்று மகள் அழுதுகொண்டு வந்தபோதுதான் நான் ஏமாந்தது எனக்கே தெரிந்தது. சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் பதுளைக்குப் போய், "நூறு விதமான சத்தம் வரும் அக்கா" என்று கடைக்காரர் காட்டியதை வாங்கி வந்திருந்தேன். அதன் கட்டைகள் விளையாட்டுச் சாமான் அளவு. ஆறு மாதம் அதிலே பழகிய விரலுக்குப் பெரிய கட்டை பிடிபடவில்லை.

ஆகவே, கடைக்குப் போகும்போது ஓர் அடிமட்டம் கொண்டுபோங்கள். அடுத்தடுத்த ஏழு வெள்ளைக் கட்டைகளின் அகலம் ஏறக்குறைய 16.5 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். பெரிய பியானோவிலும் அதே அளவுதான்.

அடுத்தது தொடுகை. ஒரே கட்டையை மெதுவாகவும் பிறகு அழுத்தியும் தட்டிப் பாருங்கள். பியானோவில் ஒலி சிறுத்தும் பெருத்தும் வரும். மலிவான ஓகன்கள் பலவற்றில் எப்படித் தட்டினாலும் ஒரே சத்தம். 2019 இல் வந்த கசியோ சீரீ-எஸ் 200, 300 இரண்டும் பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி. இரண்டிலும் 61 கட்டைகள். ஆனால் 300 இல்தான் இந்த வேறுபாடு உண்டு. யமஹாவில் பீஎஸ்ஆர்-ஈ 273 இல் இல்லை, 373 இல் உண்டு. நூறு சத்தமா, நானூறு சத்தமா என்பதைப் பிள்ளை ஒரு வாரத்தில் மறந்துவிடும்.

யமஹா பீ-45 போன்றவை 88 கட்டைகளோடு, பியானோவைப் போலவே பாரமான கட்டைகள் கொண்டவை. நல்லவைதான். ஆனால் 11.5 கிலோ எடை, பற்றரியில் வேலை செய்யாது, பத்துக்குப் பன்னிரண்டு லயக் காம்பராவில் வைக்க இடமுமில்லை. முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு 61 போதும். அதற்காக நுண்கடன் மட்டும் எடுக்காதீர்கள். கிழமைக்குக் கிழமை கடன்காரர் வாசலில் நிற்க, பிள்ளை எதை வாசிக்கும்?

ஹெட்போன் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். லயத்தில் எங்களுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் நடுவே ஒரு சுவர்தான். விடியக் கொழுந்துக்குப் போகிறவர்கள் தூங்க வேண்டும். வன்னியிலிருந்து வந்த என் மாமியாருக்குத் திடீர்ச் சத்தம் கேட்டால் இன்றும் நெஞ்சு பதறும். ஹெட்போன் போட்டு மகள் வாசிக்கும்போது, பக்கத்தில் இருந்து விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டாவதாக நான் வாங்கியது பாவித்த ஓகன். பாவித்ததை எடுப்பதென்றால் ஒரு கட்டை விடாமல் தட்டிப் பாருங்கள். பற்றரிப் பெட்டியைத் திறந்து பச்சைப் பாசிபோல் துரு இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அடப்டர் வயரை அசைத்தால் சத்தம் நின்று வருகிறதா என்றும் கவனியுங்கள். எங்கள் மலைப் பனியில் மரப் பியானோ சுருதி குலையும். ஓகனுக்குச் சுருதி கூட்டும் செலவில்லை. ஆனாலும் அடுப்புப் புகை படாத பக்கமாகத் துணி போட்டு மூடி வையுங்கள்.

கர்நாடக சங்கீதம் படிக்கும் பிள்ளைக்கும் இது உதவும். கமகம் வராது, உண்மை. சுரம் பிடித்துப் பழகலாம். சுருதியை மாற்ற ஒரு பொத்தான் போதும். ஒன்றரைக் கட்டை, ஐந்து கட்டை என்று பாடகர் சொல்வதே ஆர்மோனியக் கட்டையிலிருந்து வந்த பேச்சுத்தானே.

முதலில் வாங்கிய சின்ன ஓகன் இப்போது பக்கத்துக் காம்பராவில் இருக்கிறது. அங்குள்ள குழந்தைக்கு மூன்று வயது. அதன் விரலுக்குக் கட்டை சரியாக இருக்கிறது.