நமக்குக் களை, அவர்களுக்குக் கீரை

சோளக் காட்டில் களையெடுக்கும்போது பண்ணைக் கீரையைப் பிடுங்கி வரப்பில் எறிந்திருப்பீர்கள். நம்மில் சிலரே அதனைப் பறித்துச் சமைப்பர். அதே செடியை நைஜீரியாவின் தென்பகுதியிலும் பெனின் நாட்டிலும் பாத்தி கட்டி, எருவிட்டு, சந்தைக்கென்றே வளர்க்கிறார்கள். யோருபா மக்கள் இதனைச் 'சோக்கோ யோக்கோத்தோ' என்பர். கணவனைக் கொழுக்க வைத்து மகிழ்விக்கும் கீரை என்று இப்பெயருக்குப் பொருள் கூறுவர்.

உணவில் கீரையின் இடம்

மேற்கு ஆப்பிரிக்க மக்களின் முக்கிய உணவு பெருவள்ளி, மரவள்ளி, மக்காச்சோளம், கம்பு ஆகியவை. இவற்றைக் களியாகக் கிண்டி, கீரைக் குழம்பில் தோய்த்து உண்பர். கிழங்கும் தானியமும் வயிற்றை நிரப்பும். ஆனால் உயிர்ச்சத்து 'ஏ' அவற்றில் மிகக் குறைவு. இக்குறையைப் பெரிதும் ஈடு செய்வது கீரையே. இச்சத்து குறைந்தால் குழந்தைகளுக்கு மாலைக்கண் நோய் உண்டாகும். முற்றினால் பார்வையே பறிபோகும். கீரையிலுள்ள கரோட்டீன் உடலில் சேர எண்ணெய் தேவை. அங்குக் குழம்பில் சேர்க்கும் செந்நிறப் பனையெண்ணெய் இதற்கு உதவுவதுடன், தானும் கரோட்டீன் நிறைந்தது.

சாகுபடி முறை

தண்டுக் கீரை, பண்ணைக் கீரை ஆகியவற்றின் விதைகள் மிகச் சிறியவை. எனவே மணலுடன் கலந்து நாற்றங்காலில் தூவி, பின் நாற்றுகளைப் பிடுங்கி நடலாம். மக்கிய தொழு உரம் தாராளமாக இட வேண்டும். நட்ட 4 முதல் 5 வாரங்களில் முதல் அறுவடைக்கு வரும். வேரோடு பிடுங்காமல், தரையிலிருந்து 15 செ.மீ. விட்டு அறுத்தால் பக்கக் கிளைகள் வெடிக்கும். பிறகு 2 அல்லது 3 வாரங்களுக்கு ஒருமுறை அறுக்கலாம். பூத்துவிட்டால் இலை குறையும். ஆகவே மொட்டு விடுமுன் அறுத்துவிட வேண்டும்.

கோடைக்குச் சேமிப்பு

மாலி, நைஜர் போன்ற நாடுகளில் மழை ஏறத்தாழ ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். எஞ்சிய மாதங்களில் பசுமையான கீரை கிடைப்பது அரிது. அப்போது கைகொடுப்பது பெருக்க மரம், அதாவது பொந்தன்புளி. மழைக்காலத்தில் அதன் இலைகளைப் பறித்து உலர்த்தி, இடித்துத் தூளாக்கி வைப்பர். ஹௌசா மொழியில் இது 'கூக்கா' எனப்படும். இத்தூள் குழம்புக்கு வழுவழுப்பையும் சுண்ணாம்புச் சத்தையும் தருகிறது. இந்தியாவிலிருந்து சென்ற முருங்கையின் இலையையும் இவ்வாறே உலர்த்துகின்றனர். நேர் வெயில் கரோட்டீனை அழித்துவிடும். காற்றோட்டமான நிழலில் உலர்த்துவதே நல்லது.

எச்சரிக்கை

சியரா லியோன், லைபீரியா நாடுகளில் மரவள்ளி இலையும் கீரையாகும். இதில் சயனைடு நஞ்சு உண்டாவதால், நன்றாக இடித்து, நெடுநேரம் வேகவைத்தே உண்கின்றனர். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ இதனை உண்ணக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

கொல்லையில் இரண்டு பாத்திகள் ஒதுக்கி, ஒரு வார இடைவெளியில் விதையுங்கள்; வாரந்தோறும் ஒரு பாத்தியில் கீரை கிடைக்கும். பண்ணைக் கீரையை விதை பிடிக்க விடாதீர்கள். விதை சிதறினால் வயலில் மீண்டும் களையாகும். மருந்து தெளித்த வயலில் முளைத்ததைச் சமைக்க வேண்டாம். மழைக்காலத்தில் மிகுதியாகத் தழைக்கும் முருங்கை இலையை நிழலில் உலர்த்தித் தூளாக்கி, ஈரம் புகாத டப்பாவில் மூடி வையுங்கள். கோடையில் குழந்தையின் கஞ்சியில் ஒரு கரண்டித் தூளும் சிறிது எண்ணெயும் சேர்த்துக் கொடுங்கள். அதிகச் செலவில்லாமல் குழந்தையின் கண்ணைக் காக்கும் வழி இது.